தவறணையும் கிணறும்

சென்ற ஆவணி விடுமுறையில் எமது பள்ளித் தோழர் ஒருவர் இலண்டனிலிருந்து வவுனியாவுக்கு வந்திருந்தார். அதற்குச் சில மாதங்களின் முன்னர் அவர் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்தவர். கோட்டைகளையும் கடற்கரைகளையும்பற்றி இரண்டொரு வாக்கியங்களோடு நிறுத்திக்கொண்டவர், அந்நாட்டின் 'பப்' எனப்படும் மதுமனைகளைப்பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். வாசலின் மேலே உரிமையாளரின் குடும்பப் பெயர். உள்ளே தாழ்ந்த கூரை, தேய்ந்த மரப்பலகை, மூலையிலே கணப்பு. அதனருகே பிடில் வாசிக்கும் கிழவர். புதிதாக வந்தவன் ஒரு மிடறு பருகுமுன்னரே 'எவ்வூர்?' என்று கேட்கும் அயல் மனிதர். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று கேட்டார்:

"எங்கடை ஊரிலை இப்பிடி ஒரு இடம் இல்லையே?"

"ஏன் இல்லை, தவறணை இருக்கிறது" என்றோம். தோழர் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. எமக்கு மதுப்பழக்கம் இல்லை. ஆசிரியத் தொழிலில் இருப்பவர் தவறணை வாசலில் நிற்பதை ஊர் எப்படிப் பேசும் என்பதும் தெரியும். ஆயினும் அடுத்த நாள் மாலை அவரை அழைத்துக்கொண்டு மன்னார் வீதி வழியே சென்று, ஒரு கிளைப் பாதையில் இறங்கி, கூட்டுறவுச் சங்கத்தின் கள்ளுத் தவறணை ஒன்றை அடைந்தோம். அங்கே கண்டதும் கேட்டதுமே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

தகரக் கூரையிட்ட ஒரு கொட்டகை, இரண்டு வாங்குகள், ஒரு மேசை, மேசைமேல் கணக்குக் கொப்பி. மூலையிலே பிளாஸ்டிக் கொள்கலன்களிற் கள் நுரைத்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கோப்பைகளிலே ஊற்றிக் கொடுத்தார்கள். தோழருக்கு ஏமாற்றம். "பிளா இல்லையே?" என்று கேட்டார். பனங்குருத்தோலையை மடித்துக் கட்டிய பிளாவிற் கள் அருந்துவதே மரபு என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். வாங்கின் ஓரத்தில் இருந்த முதியவர் ஒருவர் அதைக் கேட்டுத் திரும்பினார்.

"பிளா நல்லது தம்பி. அதிலை குடிச்சாத்தான் வாசம். ஆனா பிளா ஏன் வந்ததெண்டு தெரியுமோ?"

எண்பது வயதை அணுகிக்கொண்டிருந்த அம்முதியவர் சீவல் தொழிலாளி. 1960களிலே குடாநாட்டிலிருந்து காணி தேடி வன்னிக்கு வந்தவர். இன்று மரமேற முடியாது, மகன் ஏறுகிறார். அவருடைய கேள்விக்கு அவர் சொன்ன விடையைப் பின்னர் கூறுவோம். அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பயணிக்குக் கள் கொடுத்து உபசரித்தல் எமது இலக்கியத்துக்குப் புதிதன்று. வழி கேட்டு வரும் பாணனுக்குப் புரவலனின் ஊருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படைப் பாட்டுக்களைப் பயணநூல் என்றே கொள்ளலாம். பெரும்பாணாற்றுப்படையிலே, தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழிநெடுக எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்று கூறிவரும் புலவர், வலைஞர் குடியில் அரிசிக் களியைப் புளிக்கவைத்து வடித்த கள்ளும் மீனும் கிடைக்கும் என்கிறார். அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையிலே, காவிரிப்பூம்பட்டினத்திற் பறந்த கொடிகளுள் கள் விற்கும் மனையின் கொடியும் ஒன்று. அதியமான் மாண்டபோது ஔவையார் முதலில் நினைவுகூர்வது அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட பண்பையே. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தமையை நாம் மறக்கவில்லை. மாணவரின் வீடுகளிலே குடி செய்யும் கேட்டைக் காணும் எந்த ஆசிரியருக்கும் அவ்வதிகாரத்தின் தேவை விளங்கும். ஆயினும் அன்று கள் விற்ற மனை ஒளிந்து நிற்கவில்லை. கொடி உயர்த்தி நின்றது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

தவறணை என்ற சொல் தமிழன்று. போர்த்துக்கேயரின் 'தவெர்னா' எமது நாவிலே தவறணையாயிற்று. அச்சொல்லின் இன்னொரு வடிவமாகிய 'தபெர்னா' சிங்களத்திலே 'தெபேரும' ஆயிற்று. பீப்பாவும் அவர்கள் விட்டுச்சென்ற சொல்லே. கள் நம்முடையது, கள்ளை விற்பதற்கு அரசின் அனுமதி பெற்ற கட்டிடம் மட்டும் பிறரிடமிருந்து வந்தது. இச்சொல்லாராய்ச்சி வெறும் விநோதத்துக்காகச் செய்யப்படுவதன்று. தவறணையின் வரலாறு முழுவதும் இதிலே அடங்கியிருக்கிறது.

கள்ளின் இயல்பை இங்கே கவனிக்கவேண்டும். பாளையைச் சீவிக் கட்டிய முட்டியில் விழும் சாறு காற்றிலுள்ள நொதியத்தாற் சில மணி நேரத்திலே தானாகப் புளிக்கத் தொடங்கும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பநீர். பூசாவிட்டாற் காலையில் இறக்கியது மாலையிற் கடுக்கும், மறுநாள் காடியாகும். எனவே கள்ளைச் சேமிக்கவும் முடியாது, தொலைவுக்கு அனுப்பவும் முடியாது. மரம் நிற்குமிடத்துக்கு அருகிலேயே, இறக்கிய அன்றே, அது குடிக்கப்படவேண்டும். அயர்லாந்தின் பெயர்பெற்ற கரும்பியரை 1759இல் ஆதர் கின்னஸ் டப்ளினில் 9000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த ஒரே வடிசாலையிலிருந்து உலகெங்கும் அனுப்பலாம். 1990களில் மதுமனையையே, பலகையும் விளக்கும் பழைய படங்களுமாக, பெட்டியிற் கட்டி நாடு நாடாக ஏற்றுமதி செய்தார்கள். கள்ளை அவ்வாறு ஒரு முதலாளி கைப்பற்றுதல் அன்று இயலாததாயிருந்தது. அதனாலேதான் ஆட்சியாளர் கள்ளைப் பிடிக்காமல், கள் விற்கும் இடத்தையும் கள் தரும் மரத்தையும் பிடித்தனர்.

சாராயம் அப்படியன்று. கள்ளைக் காய்ச்சி வடித்தால் அது கெடாது, பீப்பாவில் ஏற்றலாம், பணமாகக் குவிக்கலாம். ஒல்லாந்தர் காலத்திலேயே சாராய விற்பனையுரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பிரித்தானியர் அதனை ஆண்டுதோறும் ஏலமிட்டு அரசிறையின் பெருந்தூண்களுள் ஒன்றாக்கினர். குத்தகைக்காரர் குடியானவனிடம் ஒரு சதம் இரண்டு சதமாகத் திரட்டியது, கோப்பித் தோட்டங்களாகவும் மாளிகைகளாகவும் மாறிற்று. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜயவர்த்தனா, அவ்வர்க்கத்தின் முதல் மூலதனம் பெரிதும் சாராயக் குத்தகையிலிருந்தே பிறந்தது என்று நிறுவியிருக்கிறார். மொறட்டுவைச் சொய்சா குடும்பம் அதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. மலையகத்திலே பகலில் தோட்டத் தொழிலாளியின் உழைப்பிலிருந்து ஒரு பங்கு. மாலையிலே தவறணையில் அவனுடைய கூலியிலிருந்து மறுபங்கு. 1958ஆம் ஆண்டிலும் 1977ஆம் ஆண்டிலும் இனக்கலவரங்களால் விரட்டப்பட்டு வவுனியாவின் எல்லைக் கிராமங்களிற் குடியேறிய மலையகத் தமிழரின் முதியோரைச் சம்பள நாளைப்பற்றிக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து வாயிலைத் தாண்டினால் தவறணை என்றுதான் அக்கதை தொடங்கும்.

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் குத்தகை முறையைத் திருத்தியமைத்தது. கள்ளுத் தவறணைகளைச் சாராயத் தவறணைகளிலிருந்து பிரித்து ஊரூராகத் திறக்கும் ஏற்பாடு, 1904இலே தோன்றியிருந்த மதுவிலக்கு இயக்கத்தை மீண்டும் கொதித்தெழச் செய்தது. அவ்வியக்கத்தில் முன்னின்ற எவ். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா போன்றோரையே 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது பிரித்தானிய அரசு சிறையிலிட்டது. தேசியத்தின் முதற் பாடசாலை மதுவிலக்கு மேடையே எனலாம். 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் ஒருசேர வற்புறுத்தினார். அவரை வரவேற்ற எம்மவருட் பலர் முதலாவதைக் கைதட்டி ஏற்றனர். இரண்டாவதை மாலையோடு சேர்த்துக் கழற்றி வைத்தனர். ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் காங்கிரசார் விதிவிலக்கு. 1930ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் அமரலாம் என்ற நிலை வந்தபோது பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. ஆசிரியராகிய நாம் இதனை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தவறணைக்கு எவரும் தீ வைத்ததாக நாம் அறியோம்.

இனி முதியவரின் விடைக்கு வருவோம்.

வடபுலத்திலே கள்ளிறக்கும் தொழிலைச் செய்தோர் பெரும்பாலும் நளவர், பள்ளர் எனப்பட்ட மக்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை இவர்களை அடிமைகளின் வரிசையில் வைத்தது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது, வழக்கத்தால் ஒழியவில்லை. கோயிலுக்குள் இவர்களுக்கு இடமில்லை. கிணற்றில் வாளி போட உரிமையில்லை. தேநீர்க் கடையிலே தனிக் குவளை, அல்லது சிரட்டை, அல்லது போத்தல். ஆனால் இவர்கள் இறக்கிய கள்மட்டும் எந்த வாய்க்கும் தீட்டாகவில்லை. இம்முரண்பாட்டைத் தீர்த்து வைத்த கருவிதான் பிளா.

"கமக்காறர் இருட்டினாப் பிறகு வருவினம்" என்றார் முதியவர். "எங்கடை முத்தத்துக்கு வராயினம், வேலிக்கு வெளியிலை நிப்பினம். அப்பு பச்சை ஓலையிலை புதுப் பிளா கோலிக் குடுப்பார். பிறகு முட்டியை உயத்திப் பிடிச்சு ஊத்துவார், கை படக்கூடாது. குடிச்சிட்டுப் பிளாவை எறிஞ்சிட்டுப் போவினம். நாங்கள் தொட்ட ஏனம் இல்லை, பாருங்கோ. ஓலைக்குத் தீட்டில்லை. ஒருநாள் ஒரு நயினாருக்கு விக்கல் எடுத்திட்டுது. கிணறு பத்தடியிலை. தண்ணி தரட்டோ எண்டு நான் கேட்டன், சின்னப் பொடியன். அப்பு எனக்கு அறைஞ்சார். நயினார் விக்கிக்கொண்டே வீட்டை நடந்து போனார்."

அவருடைய கள்ளைக் குடித்தவர் அவருடைய தண்ணீரைக் குடிக்கவில்லை. மரத்தின் உச்சியிலே அவருடைய கை முட்டியைத் தொட்டது, பாளையைத் தொட்டது, சாற்றில் விழுந்த பூச்சியை எடுத்துப் போட்டது. அதெல்லாம் வேலிக்கு அப்பால் நின்றவருக்குத் தெரியாததன்று. தெரிந்ததைத் தெரியாததாக்கும் ஓர் ஏற்பாடு அவர்களுக்குத் தேவைப்பட்டது; ஒரு தடவை குடித்து எறியும் ஓலை அதற்கு உதவிற்று. குருத்தோலையின் மணமும் அழகும் உண்மையே. முதியவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் எமது தோழர் தேடிவந்த மரபில் அம்மணத்தோடு இதுவும் கலந்திருக்கிறது.

இவ்விடத்தில் எமது வீட்டுக் கதையையும் சொல்லிவிடவேண்டும். வலிகாமத்திலே கமம் செய்த எமது பாட்டனார் மாலையில் எங்கோ போய், இருட்டியபின் திரும்புவாராம். படலையிலே செம்போடு காத்து நிற்கும் பாட்டியார், கால் கழுவித் தலையிலே தண்ணீர் தெளித்தபின்னரே அவரை உள்ளே விடுவாராம். தீட்டுக் கழிப்பது வெறிக்கன்று, போய்வந்த வளவுக்கு. பாட்டியார் இதனை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லுவார். நாமும் சிறுவயதிற் பலமுறை கேட்டுச் சிரித்திருக்கிறோம். அன்று தவறணை வாங்கிலே இருந்தபோது அச்சிரிப்பு எமக்கு நினைவுக்கு வந்தது. முதியவருக்கு நாம் அதனைச் சொல்லவில்லை.

குடிப்பவர் வாழ்வு இவ்வாறிருக்க, இறக்குபவர் வாழ்வைச் சட்டங்கள் அலைக்கழித்தன. மரத்துக்கு மரம் வரி கட்டி இறக்கும் மரவரி முறையும், குத்தகைக்காரரின் தவறணைக்கே கொண்டுபோய் ஊற்றவேண்டும் என்ற தவறணை முறையும் மாறி மாறி வந்தன. மரவரி முறையிலே தொழிலாளி தன் வளவிலேயே விற்கலாம். ஆனால் வரி, மரச்சொந்தக்காரனுக்கு வாரம், மதுவரிக்காரனுக்குக் கைலஞ்சம் என்று மூன்று பக்கமும் இழுப்பு. தவறணை முறையிலே விலையை நிர்ணயிப்பவன் குத்தகைக்காரன். மாலையில் ஊற்றாவிட்டாற் காலையிற் காடியாகும் பண்டத்தை வைத்துக்கொண்டு தொழிலாளி எங்ஙனம் பேரம் பேசுவான்? நாளொன்றுக்கு இருவேளை, தளைநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியை இடுப்பிற் கட்டி, மரம் மரமாக ஏறி இறங்கும் உழைப்பு அது. தவறி விழுந்தவனுக்கு நட்டஈடு கொடுப்பவர் எவருமிலர்.

மாற்றம் மேலிருந்து வந்ததன்று. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. அது ஏட்டிலேயே கிடந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தின்மேல் பொலிசார் தடியடி நடத்தினர். பின்னர் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் தேநீர்க் கடைகளையும் கோயில்களையும் நோக்கிச் சென்றது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததை வாசகர் அறிவர். அப்போராட்டங்களிலே சீவல் தொழிலாளர் பெருந்தொகையாக நின்றனர். சிரட்டையையும் போத்தலையும் உடைத்தவர்கள் அவர்களே. அவ்வாழ்வைக் கே. டானியல் நாவல்களாக்கினார்; அவருடைய 'பஞ்சமர்' வெளிவந்த 1972ஆம் ஆண்டிலேயே கள்ளிறக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் தோன்றின. குத்தகைக்காரன் போனான்; தொழிலாளி உறுப்பினனானான்; தவறணை சங்கத்துக்குரியதாயிற்று. குறைகள் பலவாயினும் இது ஒரு பெரிய பாய்ச்சல் என்பதே எமது மதிப்பீடு. இன்று பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்ற பெயர்ப்பலகையின் கீழ் நிற்கும் கொட்டகை, தோழரின் கண்ணுக்கு அழகற்றதாய்த் தோன்றலாம். அந்தப் பிளாஸ்டிக் கோப்பை கழுவப்பட்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. யார் குடித்த கோப்பை என்று எவரும் கேட்பதில்லை.

அயர்லாந்தின் மதுமனை எல்லாருக்கும் திறந்த வீடாக இருந்ததா? 'பப்' என்பது 'பொதுமனை' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அந்நாட்டிலே ஒரு விநோதமான சட்டம் இருந்தது. மதுமனைகள் மூடப்பட்டிருக்கவேண்டிய வேளைகளிலும் 'மெய்யான பயணி'க்கு மது வழங்கலாம். ஏனைய இடங்களில் 3 மைல், டப்ளினைச் சூழ 5 மைல் கடந்து வந்தவனே மெய்யான பயணி. தாகமுற்ற உள்ளூரார் அயலூருக்கு நடந்து சென்று பயணியாகிவிடுவர்; அயலூரார் இங்கே வருவர். 1960ஆம் ஆண்டிலே அச்சட்டம் நீக்கப்பட்டது. தோழர் இதனைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் அதே நாட்டிலே 'பயணிகள்' என்ற பெயரையே தம் இனப்பெயராகக் கொண்ட ஒரு சமூகம் உண்டு. தலைமுறை தலைமுறையாக வண்டிகளில் ஊர் ஊராய்ச் சென்று தகர வேலையும் குதிரை வியாபாரமும் செய்து வாழ்ந்த ஐரிஷ் நாடோடி மக்கள் அவர்கள். கடல் கடந்து வந்த பயணியை 'எவ்வூர்?' என்று அன்போடு கேட்ட மதுமனை, இந்தப் பயணியை வாசலிலே மறித்தது. பெண்களின் நிலையும் அங்கே நெடுங்காலம் வேறாக இருந்தது. பலகையால் மறைத்த சிற்றறையிலே அவர்கள் ஒதுங்கினர். 1970களிலும் பெண்ணுக்கு முழுக் கோப்பை பியர் ஊற்ற மறுத்த மனைகள் இருந்தன. (எமது தவறணையில் பெண்களுக்கு அந்தச் சிற்றறையும் இல்லை, குடித்து வருபவனை வீட்டிலே எதிர்கொள்வதே அவர்களுக்குரிய பங்கு.) 2000ஆம் ஆண்டின் சமநிலைச் சட்டம் நாடோடி மக்களையும் பெண்களையும் மறுப்பதைத் தடைசெய்தது. மதுமனைக்காரர் சங்கங்கள் உரத்துக் குரலெழுப்பின. 2003இல் அவ்வழக்குகள் சமத்துவ நியாயசபையிலிருந்து மாவட்ட நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. ஏழைக்கு எது எளிது, எது கடிது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. 2017 மார்ச்சு 1ஆம் நாளே அம்மக்கள் தனி இனக்குழுவென அரசால் ஏற்கப்பட்டனர்.

இதனை நாம் முதியவருக்கு எடுத்துச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "அங்கையும் வேலி இருக்குது போலை" என்றார். பிறகு கேட்டார்: "இப்ப உள்ளுக்கு விடுகினமோ?"

"சட்டப்படி விடவேண்டும், ஐயா" என்றோம்.

ஐயா என்ற சொல் அவரைச் சற்றுக் கூச வைத்தது போலத் தோன்றிற்று. "சட்டம் எங்களுக்கும் 57இலை வந்தது" என்றார்.

போருக்குப் பின்னர் வன்னியிலே நடந்த இன்னொரு மாற்றத்தையும் அங்கிருந்தோர் சொல்லிக் குறைப்பட்டனர். 2009இன் பின் வீதிக்கு வீதி மதுக்கடைகள் முளைத்தன. அனுமதிப் பத்திரங்கள் அரசியற் கையூட்டாக வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு 2024இல் பாராளுமன்றம்வரை சென்றது. குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டியிலே தகர டின் பியர். அருகிலே சீவல் தொழிலாளியின் கள், விலைபோகாமற் காடியாகிறது. முடக்கமுடியாதிருந்த கள்ளை மூலதனம் இப்போது வேறு வழியால் முடக்குகிறது. இவை இரண்டுக்கும் எட்டாத ஏழை கசிப்பைத் தேடுகிறான். அயர்லாந்திலும் 17ஆம் நூற்றாண்டில் வடிப்புக்கு வரி விதித்த நாள்முதல் களவாக வடித்த 'பொட்டீன்' மலைச்சாரல்களிலே பெருகிற்று. சட்டபூர்வமான மதுக்கு விலை ஏறுந்தோறும் இது நிகழும்போலும்.

நாம் புறப்படும் நேரத்தில் முதியவரின் மகன் சைக்கிளிலே வந்து இறங்கினார். இருபுறமும் கொள்கலன்கள் தொங்கின, இடுப்பிலே கத்தி, நெஞ்சிலும் முன்கையிலும் மரம் உராய்ந்த தழும்புகள். எம்மைக் கண்டதும் திகைத்து நின்றார். எமக்கும் முகம் தெரிந்ததாயிருந்தது. எமது வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை அவர். பெற்றோர் கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் இருப்பவர். வருடத் தொடக்கத்தில் மாணவர் விபரப் படிவத்திலே 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் அவன் 'கமம்' என்று எழுதியிருந்தான். அவனுடைய அழகான கையெழுத்தைப் பாராட்டியதும் எமக்கு நினைவிருக்கிறது.

கணக்கெழுதுபவர் கள்ளை அளந்து கொப்பியிற் பதிந்தார். அவர் கையொப்பமிட்டுவிட்டு, துவாயினால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எம்மருகில் வந்தார்.

"மாஸ்ரர், பொடியன் எப்பிடிப் படிக்கிறான்?"

"நல்லாய்ப் படிக்கிறான். கணக்கிலை வகுப்பிலை முதலாவது."

தலையை ஆட்டினார். தோழர் மோட்டார் சைக்கிளை இயக்கத் தொடங்கியிருந்தார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நீங்கள் இங்கை வந்ததை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீங்களும் என்னை இங்கை கண்டதெண்டு அவனிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."